கிரீடத்துக்கு இருபுறமும் குங்குமம்

நான் ஜெர்மானியக் கடற்படை அதிகாரிகளின் பழைய தொப்பிகளைச் சேகரிக்கிறேன் என்று சொன்னால், பிளெய்ன்ஸ்பரோவில் எனக்குத் தெரிந்த தமிழர்கள் முதலில் என் கணவரைத்தான் பார்ப்பார்கள். "ஓ, சாரோட ஹாபியா?" என்பார்கள். அவர் உடனே இரண்டு கையையும் தூக்கிவிடுவார். "எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. நான் காலையில ட்ரெயின் பிடிச்சு நியூயார்க்குக்கு ஓடற ஆளு." பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். ஐம்பத்திரண்டு வயது, மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, எந்தப் பாட்லக் விருந்துக்கும் புளியோதரை கொண்டுவருகிறவள். இவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை? பட்டுப்புடவை சேர்த்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அலமாரி நிறைய அடுக்கி வைத்து வருஷத்துக்கு இரண்டு தடவை கட்டினால் அதற்குப் பெயர் குடும்பப் பாங்கு.

காரணம் கேட்பவர்களுக்கு எம்டனைச் சொல்வேன். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு எம்டன் என்றால் ஓர் ஆள்: யாருக்கும் அடங்காத, நினைத்ததைச் சாதித்துவிடுகிற ஆள். "சரியான எம்டன்டி நீ" என்று அப்பா என்னைத் திட்டாத வாரம் கிடையாது. அது முதல் உலகப்போரில் சென்னை மீது குண்டு வீசிவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பலின் பெயர் என்பது கல்லூரியில்தான் எனக்குத் தெரிந்தது. ஊரையே கிலி பிடிக்க வைத்த கப்பலின் பெயரால் என்னைத் திட்டியிருக்கிறார் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பல வருஷம் கழித்து, இங்கே ஆற்றோரமாக நடக்கும் ஒரு பழம்பொருள் சந்தையில், ஜெர்மானியப் பேரரசர் கைசரின் காலத்துக் கடற்படை அதிகாரித் தொப்பி ஒன்றைப் பார்த்தேன். கருநீலக் கம்பளி. சுற்றிலும் கறுப்புப் பட்டை. முன்னால் தங்க ஜரிகையில் ஓர் இலை வளையம், அதற்கு மேல் குட்டியாக ஒரு கிரீடம். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் இதைத்தானே போட்டிருப்பார்கள் என்று தோன்றியது. வாங்கிவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான். அப்படி வாங்கி வாங்கி ஏழாகிவிட்டது.

ஏழும் படிக்கும் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. தொப்பியை வைக்கத் தனித் தாங்கி விற்கிறார்கள். நான் எவர்சில்வர் டப்பாக்களைக் கவிழ்த்து, மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் வைத்திருந்தேன். பூச்சி வராமல் இருக்கக் கிராம்பு. தொடுவதற்கு வெள்ளைப் பருத்திக் கையுறை. அந்த அறைக்குள் தும்முவதற்குக்கூட என் கணவர் என்னிடம் அனுமதி கேட்க வேண்டும்.

ஒரு விதியும் வைத்திருந்தேன். கிரீடம் இல்லாத தொப்பி என் வீட்டுக்குள் வராது. கைசரின் ஆட்சி போனபோது தொப்பியிலிருந்து கிரீடமும் போயிற்று. ஹிட்லர் வந்த பிறகு, அதே இடத்தில், இலை வளையத்துக்கு மேலே, இறக்கை விரித்த கழுகு ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் காலடியில் அவர்களுடைய ஸ்வஸ்திகா. சந்தையில் கழுகுத் தொப்பிக்குத்தான் கிராக்கி. அதைத் தேடி அலைகிறவர்களில் சிலரைப் பார்த்திருக்கிறேன்; பக்கத்தில் நின்று பேசவே அருவருப்பாக இருக்கும். நான் அந்தக் கும்பலைச் சேர்ந்தவள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு விதி வேண்டியிருந்தது. கீழ்வீட்டம்மாவிடம் சொல்வதற்கும் வேண்டியிருந்தது.

கீழ்வீட்டம்மா என்று நான் சொல்வது எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் கீழே வசிக்கும் யூதப் பெண்மணியை. எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் பாத்ரூம் குழாய் ஒழுகி அவர் வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. சண்டை போட மேலே வந்தவர், போகிற வழியில் திறந்திருந்த அறையில் அலமாரியைப் பார்த்துவிட்டார். இது என்ன என்று கேட்டார். நான் மியூசியம் கைடு மாதிரி உற்சாகமாக, "ஜெர்மன் நேவி!" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் வெளுத்தது. குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அறிவு இருக்கிறதா எனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு மறுநாள் கீழே போனேன். உட்காரச் சொல்லவில்லை, நிற்க வைத்தே சொன்னார். அவருடைய அம்மாவைப் பதினான்கு வயதில் தனியாக ஜெர்மனியிலிருந்து கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். பெற்றோரும் இரண்டு தம்பிகளும் அடுத்த கப்பலில் வருவதாக ஏற்பாடு. யாரும் வரவில்லை. ஒருவரும் மிஞ்சவில்லை. இதை அவர் வகுப்பில் பாடம் எடுப்பதைப் போலச் சொன்னார், குரல் எங்கும் உடையாமல். நான் தொப்பிகளின் காலத்தைச் சொன்னேன். கிரீடத்தைச் சொன்னேன். கடைசியில் அவரே மேலே வந்து, கையுறை போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அப்போது என்னிடம் ஆறுதான் இருந்தன.

"கிரீடம் மட்டும்தானே? கழுகு எப்போதும் வராதே? வாக்குக் கொடு" என்றார். நாங்கள் பேசுவது ஆங்கிலம். என் தமிழில் எழுதுகிறேன். கொடுத்தேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவர் மேலே வருவதும் நான் ஃபில்டர் காபி போடுவதும் வழக்கமாயிற்று. டவரா டம்ளரில் ஆற்றக் கற்றுக்கொண்டு மேஜையெல்லாம் சிந்துவார். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது பதினோரு நாள் தொடர்ந்து சூப் கொண்டுவந்தவர் அவர்தான். "வெஜிடேரியன்! சத்தியமாக வெஜிடேரியன்!" என்று வாசலிலேயே அறிவித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். வாட்ஸாப் குரூப்பே ஒன்பது இருக்கிறது. தோழி என்று சொல்ல அவர் ஒருவர்தான்.

ஏழாவது தொப்பி மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது. இருப்பதிலேயே லட்சணமானது அதுதான். கம்பளி கலையவில்லை, உள்தோல் பட்டை வெடிக்கவில்லை, ஜரிகை கறுக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேலான தொப்பி இப்படி இருக்குமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கீழ்வீட்டம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவரே அதை எடுத்துத் தன் வெள்ளைத் தலையில் வைத்துக்கொண்டு, வயிற்றை எக்கி நின்று, எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் எடுத்த போட்டோவை அவர் தன் தங்கைக்கு அனுப்பினார்.

இனி என் கணவரின் ஆயுத பூஜை. அவருக்கு வருஷத்தில் மற்ற நாட்களில் சாமி கிடையாது. அந்த ஒரு நாள் மட்டும் குளித்து, வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக வீட்டைச் சுற்றி வருவார். காருக்குப் பொட்டு, மிக்சிக்குப் பொட்டு, லேப்டாப் இரண்டுக்கும், டிரெட்மில்லுக்கும், பனி வழிக்கிற ஷவலுக்கும். வைஃபை ரூட்டருக்கு மட்டும் எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு. வொர்க் ஃப்ரம் ஹோம் அதை நம்பித்தான் ஓடுகிறது. சென்ற வருஷம் பூஜையன்று நான் ஆபீஸ் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன். முடித்து வெளியே வந்தால், கண்ணாடி அலமாரி திறந்திருக்கிறது. ஏழு தொப்பிகளுக்கும் சந்தனம், குங்குமம்.

"ஐயையோ! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"உன் ஆயுதம் இதுதானே? உனக்காகத்தான் பண்ணேன். கிளவுஸ் போட்டுக்கிட்டுதான் தொட்டேன், கத்தாதே."

"ஈரச் சந்தனத்தைக் கொண்டுபோய்க் கம்பளியில அப்பியிருக்கீங்களே, மனுஷன்தானா நீங்க?"

"நெத்தி எங்கன்னு பார்த்தேன். பேட்ஜுக்கு மேல நெத்தி. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. க்ரவுன் மேல படாமத்தான் வெச்சேன். அதுக்கு ஒரு தேங்க்ஸ் கூடக் கிடையாதா?"

கிடையாது என்றேன். மூன்று நாள் காயவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன். ஆறு தொப்பிகளிலிருந்து சந்தனமும் குங்குமமும் தூளாக உதிர்ந்து போயின. ஏழாவதில் சந்தனம் போயிற்று. கிரீடத்துக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஊசிமுனை அளவில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டும் போகவில்லை. பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க உள்ளேதான் போயின.

கம்பளியில் ஓட்டை இருந்தால்தான் தூள் உள்ளே போகும். கிரீடம் சின்னது, கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அவ்வளவு தள்ளி இரண்டு பக்கமும் பேட்ஜ் முள் குத்திய ஓட்டை எதற்கு? அந்த அகலத்துக்கு விரிகிறது ஒன்றே ஒன்றுதான்.

புற ஊதாக்கதிர் டார்ச்சை எடுத்து வந்தேன். பழைய நூல் அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கும். இந்தக் காலத்து நூல் பளிச்சென்று வெள்ளையாக ஒளிரும். கிரீடத்தைத் தைத்திருந்த நூல் டியூப்லைட் போல எரிந்தது. சாதாரண டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது, கம்பளியில் வெயில் படாத இடம் தெரிந்தது. இரண்டு இறக்கையும் முழுசாகத் தெரிந்தன. யாரோ கழுகைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேலே கிரீடத்தைத் தைத்து, கைசர் காலத்தது என்று விற்றிருக்கிறார்கள்.

மற்ற ஆறையும் வாங்கி வந்த அன்றே டார்ச் அடித்துப் பார்த்தவள் நான். இதை மட்டும் அடிக்கவில்லை. ஆபீசில் ஒருவர் ஒரு பரிசோதனையை விட்டுவிட்டால், ஏன் விட்டார் என்று கேட்டு எழுதி வாங்குவதுதான் என் வேலை. முக்கால்வாசிப் பேர் "மறந்துவிட்டேன்" என்று எழுதுவார்கள். நான் ஒருநாளும் நம்பியதில்லை. நானும் மறக்கவில்லை. பார்த்தால் என்ன தெரிந்துவிடுமோ என்ற சந்தேகம் இருந்ததால்தான் பார்க்காமல் விட்டேன். தொப்பி அவ்வளவு அழகாக இருந்தது.

கணவரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "சரி, டிஸ்போஸ் பண்ணிடு. அவங்ககிட்ட சொல்லாதே" என்றார்.

"எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? வயசானவங்க. தலையில வேற வெச்சுக்கிட்டாங்க. தெரிஞ்சா அவங்களால தாங்க முடியுமா? உன் மனசு லேசாகணும்னு அவங்க தலையில பாரத்தை ஏத்தாதே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை சொல்லாமல் ஓட்டினேன். கீழ்வீட்டம்மா வந்தார், காபி ஆற்றினார், சிந்தினார், தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். நான் உம் கொட்டினேன். நடுவில் ஒரு தடவை எழுந்து போய் அந்த அறைக் கதவைச் சாத்தி வந்தேன். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு ஒருவரிடம் எத்தனை வருஷம் காபி குடிக்க முடியும்? மூன்றாவது வெள்ளிக்கிழமை, அவர் முதல் வாய் குடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஓட்டையைச் சொன்னேன், நூலைச் சொன்னேன், நான் டார்ச் அடிக்காமல் விட்டதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். எரிக்கச் சொன்னால் எரித்துவிடுகிறேன்" என்றேன்.

அவர் டம்ளரை மேஜையில் வைத்தார்.

"நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டேன்" என்றார்.

எழுந்து கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். நான் பின்னாலேயே போனேன். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று வெள்ளிக்கிழமைகள் அவர் வரவில்லை. தபால் பெட்டி அருகில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று என் கணவர் ஒரு தடவைதான் சொன்னார்; நான் பார்த்த பார்வையில் மறுபடி சொல்லவில்லை. ஏழாவது தொப்பி அலமாரியிலிருந்து இறங்கி ஒரு அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. விற்க முடியாது; தேடி அலைகிற எவனாவது ஆசையாக வாங்கிப் போவான். தூக்கி எறியலாம். ஆனால் என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும் என்றல்லவா சொல்லியிருந்தேன்? காத்திருந்தேன்.

நான்காவது வெள்ளிக்கிழமை, சரியாக நான்கு மணிக்கு, மணி அடித்தது. அவர் கையில் துணி வெட்டுகிற பெரிய கத்திரிக்கோல் இருந்தது.

"நான் முடிவு பண்ணலாம் என்றாயே. எரிக்க வேண்டாம். எரித்தால் ஒன்றும் மிஞ்சாது. எனக்கு அது துண்டு துண்டாக இருப்பதைப் பார்க்க வேண்டும். நானே வெட்டுகிறேன்."

சரி என்றேன். அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்று இருந்தது; அழுகைகூட வந்தது. வந்துவிட்டாரே, என் வீட்டுக்குள் வந்துவிட்டாரே. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, பெட்டியைக் கொண்டுவந்து, தொப்பியை எடுத்து நடுவில் வைத்தேன். காபி போடட்டுமா என்று கேட்டேன். முதலில் இது முடியட்டும் என்றார். எதிரெதிரே உட்கார்ந்தோம்.

அவர் தொப்பியை இடது கையால் அழுத்திப் பிடித்தார். கத்திரியை அகலமாகத் திறந்து, இலை வளையத்தின் ஓரத்தில், தங்க ஜரிகையின் மேல் வைத்தார்.

என் கை நீண்டது. அடுப்பைத் தொடப் போகும் குழந்தையை இழுக்கிற மாதிரி, யோசிக்காமல், நீண்டு போய்த் தொப்பியைப் பிடித்துக்கொண்டது. அவர் கையை அல்ல, தொப்பியை. "கேர்ஃபுல்!" என்று கத்தியிருந்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கருநீலக் கம்பளியை ஐந்து விரலும் இறுக்கிப் பிடித்திருந்தன.

"எதற்கு கேர்ஃபுல்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிற ஆசிரியரின் கேள்வி அது. உங்கள் விரலில் பட்டுவிடப் போகிறதே என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதையும் சொல்லிவிட்டால் அப்புறம் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது, சொல்லவில்லை. கையை எடுத்தேன். அதற்குள் அவர் கத்திரியை விலக்கி மூடிவிட்டார்.

"மன்னிச்சிடுங்க, வெட்டுங்க" என்று நான் தமிழில் சொன்னேன். ஆங்கிலம் வரவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் எழுந்துவிட்டார்.

"உன்னால் முடியாது" என்றார், கொஞ்சம் இரக்கமாகவே. "எனக்குப் புரிகிறது. ஆனால் நான் இனிமேல் வரமாட்டேன்."

போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை காலை, கணவர் இந்தியன் ஸ்டோருக்குப் போயிருந்த நேரத்தில், அதே மேஜையில் அதே செய்தித்தாளின் மேல் நானே உட்கார்ந்து அதை வெட்டினேன். கையுறை போடவில்லை. லேசில் வெட்டுப்படுகிற சாமான் இல்லை அது. கிரீடத்தை எடுத்தேன், வளையத்தை எடுத்தேன். கறுப்புப் பட்டை, உள்தோல், முன்விளிம்பு, மேல்வட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தது. வெட்டும்போது அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கணவர் கீரைக்கட்டும் கையுமாக உள்ளே வந்து, மேஜையைப் பார்த்து, "போய் அவங்ககிட்ட சொல்லேன், கட் பண்ணிட்டேன்னு" என்றார். துண்டுகளைக் குப்பைப் பையில் போட எடுத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஒரு இடத்திலும் கம்பளியை வெட்டியிருக்கவில்லை நான். எல்லாவற்றையும் தையலோரமாகவே, நூலை மட்டும் நறுக்கி, பாந்தமாகப் பிரித்து அடுக்கியிருந்தேன். ஊசி நூலோடு உட்கார்ந்தால் ஒரே மத்தியானத்தில் மறுபடி தொப்பியாக்கிவிடலாம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மேல்வட்டத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கத்திரியை எடுத்தேன்.